பதினோரு நொடிக்கு ஒரு மனு

தமயந்தி முதன்முதலில் எழுதிய மனுவில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. "பள்ளத்தை ஏன் மூடவில்லை?"

வெள்ளாற்றூர் நகராட்சி சட்டம் கொடுத்த கெடுவின் கடைசி நாள்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, முப்பதாம் நாள் சாயங்காலம் பதில் அனுப்பியது. "தங்கள் மனு கேள்வி வடிவில் உள்ளது. கேள்விக்கு விளக்கம் தருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது." கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து. ஒன்பது வயசுப் பிள்ளையை மழைநீர்க் கால்வாய்க்குப் பறிகொடுத்தவளுக்கு ஊர் நிர்வாகம் எழுதிய ஆறுதல் கடிதம் அதுதான். நல்லா இருப்பார்கள்!

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அங்கே ஒரு மூலையில் மேஜை போட்டு, இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவர் சம்மனசு. கடிதத்தைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்னு கேட்டியா? ஏன்னு கேட்டா அது நேரா குப்பைத்தொட்டிக்குத்தான் போகும் தங்கச்சி. எதுக்குன்னு கேட்டாலும் அதே கதிதான். அவன்கிட்ட ஏற்கெனவே இருக்கிற பதிவைக் காட்டுன்னு கேக்கணும். எந்த வார்டு, எந்தப் பிரிவு, எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி, என்ன பதிவேடு, அத்தனையும் போடணும். கோபத்தை வீட்ல வச்சுட்டு வந்து எழுதணும்."

"என் கோபத்தை எங்க அண்ணே வைக்கிறது? வீட்ல இடமில்ல."

சம்மனசு ஒரு வெள்ளைக் காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார். அவரே பேனாவை எடுத்து எழுதினார். பதினான்காவது வார்டு, பொதுப்பணிப் பிரிவு, அக்டோபர் ஒன்று முதல் பதினெட்டு வரை வந்த புகார்களின் பதிவேடு. பத்து ரூபாய் வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை அவள் கையில் கொடுத்தார். மறுபடி முப்பது நாள். மறுபடி பச்சை மை. "கோரப்பட்ட பதிவேட்டைக் கண்டறிய இயலவில்லை."

"சரி, இனி தலையைக் கேட்டுட வேண்டியதுதான்" என்றார் சம்மனசு.

"தலையையா?"

"ஆமா. கோப்பைக் காணோம், கரையான் அரிச்சிடுச்சுன்னு அம்பது வருஷமா இதே பாட்டு. மெஷின்ல ஏத்தி வச்சா மெஷின்லயும் கை வைக்கிறான். கோர்ட்டு பாத்துச்சு. நினைவுப் பதிவுச் சட்டம் வந்துச்சு. நகராட்சியில வேலைக்குச் சேர்ற அன்னைக்கே காதுக்குப் பின்னால கடுகளவு ஒண்ணை வச்சுத் தைச்சுடுறாங்க. அது எதையும் சேத்து வைக்காது. ட்யூட்டி நேரத்துல அந்த ஆள் கண்டது, கேட்டது எல்லாத்துக்கும் தேதி போட்டு ஒரு நூல் கட்டி விடும், அவ்வளவுதான். அசல் அவன் மண்டைக்குள்ளதான் இருக்கு. அதை எவன் திருத்த முடியும்? நீ பார்வையிடல் மனு போட்டா, ஏழு நாளைக்குள்ள அந்த ஆளைப் படுக்க வச்சு, நூலை இழுத்து, உனக்குக் காட்டியே ஆகணும்."

"நகல் எடுத்துக்கலாமா அண்ணே?"

"அது மட்டும் முடியாது. ஒருத்தன் மண்டைக்குள்ள இருக்கிறது அவன் அந்தரங்கமாம். பாக்கலாம். எடுத்துட்டுப் போக முடியாது."

எந்தத் தலை என்று அவரே விசாரித்து வைத்திருந்தார். பதினான்காவது வார்டின் பணி ஆய்வாளர் தணிகாசலம்.

நகராட்சியின் பின்கட்டில், குடிநீர் வரி கட்டும் இடத்தைத் தாண்டி, நினைவுப் பதிவறை இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று, பக்கத்தில் சாய்வு நாற்காலி ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டி. கட்டில் விளிம்பில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். தமயந்தியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதிவறை அலுவலர் ஹமீதா சின்னப் பெண். விதிப்படி அறிவிப்பை வாசிக்க ஆரம்பித்தாள். "ஒவ்வொரு பார்வையிடலின்போதும் அசல் பதிவு தேயக்கூடும் என்பதையும், பார்வையிடுபவரின் நினைவில்..."

"கையெழுத்து எங்க போடணும்?" என்றாள் தமயந்தி.

"முழுசாக் கேட்டுட்டுப் போடுங்கக்கா."

"உங்க ஆபீஸ்ல எழுதினதை நெறையப் படிச்சுட்டேம்மா. இடத்தைக் காட்டு."

ஹமீதா இடத்தைக் காட்டினாள். தமயந்தி கையெழுத்துப் போட்டாள். சாய்ந்தாள். காதுக்குப் பின்னால் ஏதோ ஜில்லென்று ஒட்டியது.

அடுத்த கணம் அவள் வாயில் வடை இருந்தது.

சூடான மசால் வடை. பச்சை மிளகாய் ஒன்று பல்லில் அகப்பட்டு நாக்கில் சுரீர் என்றது. மத்தியானம் சாப்பிடாத பசி வயிற்றில். தூறல். டீக்கடைத் தார்ப்பாயின் கீழே நிற்கிறாள், இல்லை, நிற்கிறார். எதிரே தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அடியில் கால்வாய் மூடி திறந்து கிடப்பது அவருக்குத் தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்கு அடைப்பு எடுக்கத் திறக்கச் சொன்னவரே அவர்தான். சிவப்புக் கொடி நடவேண்டும், இந்த வடையைத் தின்றுவிட்டு நடலாம் என்ற நினைப்பு, ஈ ஓட்டுகிற அலட்சியத்தோடு மனசில் ஓடுகிறது. அப்போது தெருவோரத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வந்து நிற்கிறாள். முதுகில் நீலப் பை. இரட்டைச் சடை, ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்து தோளில் தொங்குகிறது. சளி பிடித்த கரகரத்த குரல்.

"அங்கிள், இந்தப் பக்கம் போலாமா?"

வாய் நிறைய வடை. கை மட்டும் எழுந்து அசைகிறது. போ, போ.

பிள்ளை சிரித்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. நாலு எட்டு வைத்தாள். பிறகு தெருவில் தண்ணீர் மட்டும் இருந்தது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஓடவில்லை. கத்தவில்லை. மூன்று அடி பின்னால் போய், யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். வடையை விழுங்கினார்.

தமயந்தி நாற்காலியிலிருந்து எழுந்தபோது கட்டிலில் அந்த மனிதர் உடம்பெல்லாம் வேர்த்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. வெளியே வந்து பின்கட்டுச் சுவரோரம் வாந்தி எடுத்தாள். வாந்தியிலும் மிளகாய் எரிந்தது. அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

பார்வைச் சான்றை வைத்து விசாரணை நடந்தது. அசலே சாட்சி சொன்னபிறகு மறுக்க வழியில்லையே! ஐந்து மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பணி ஆய்வாளர் தணிகாசலம் கடமையில் கவனக்குறைவாக இருந்தது நிரூபணமாகியுள்ளது. எனவே அவருக்கு ஆறு மாத காலத்துக்கு ஊதிய உயர்வு நிறுத்தி வைக்கப்படுகிறது. அவ்வளவுதான். ஒரு தெருநாயை வண்டி ஏற்றிக் கொன்றிருந்தால்கூட ஊரில் இதைவிடக் கூடுதலாகத் திட்டு வாங்கியிருப்பார்.

அன்றைக்குத் தமயந்தி மறுபடி பதிவறைக்குப் போனாள். ஹமீதாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கு அந்த ஆள் ஏன் அப்படி அழுதார்? பழைய கதைதானே அவருக்கு?"

ஹமீதா தயங்கினாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "ஞாபகம் வர்றது வேறக்கா. நூலை இழுத்தா அவருக்கு அது ஞாபகமா வராது. அப்பதான் நடக்குது. ஒவ்வொரு தடவையும் புதுசா நடக்கும். பசி, வடை, எல்லாம். கையை அசைக்கக் கூடாதுன்னு உள்ள ஒரு மூலையில தெரியுமாம். ஆனா கை அசைஞ்சுடும்."

தமயந்தி நேராகச் சம்மனசு மேஜைக்குப் போனாள்.

"அண்ணே, ஒரே பதிவை எத்தனை தடவை பாக்கலாம்?"

"சட்டத்துல எண்ணிக்கை எதுவும் போடலையே. ஏன்?"

"அப்போ எழுதுங்க. வாராவாரம் செவ்வாய்க்கிழமை."

சம்மனசு பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "வேணாம் தங்கச்சி. இது தகவல் கேக்கிறதுக்கான சட்டம்."

"நானும் தகவல்தான் அண்ணே கேக்கிறேன். அந்த ஆளுக்கு வலிக்குதா இல்லையாங்கிற தகவல்."

அவர் எழுத மாட்டேன் என்றார். அதனால் என்ன? வார்டு, பிரிவு, தேதி, நேரம் என்று ஓட்டையில்லாமல் எழுத அவளுக்கு அவரே கற்றுக் கொடுத்தாயிற்று. தன் மாவுக்கடையில் கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் உட்கார்ந்து, பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்து, அவளே எழுதினாள். எழுத்துக்கூடத் திருந்திவிட்டது.

ஒவ்வொரு செவ்வாயும் தணிகாசலம் படுத்தார். ஒவ்வொரு செவ்வாயும் வடை தின்றார். ஒவ்வொரு செவ்வாயும் கை அசைந்தது. ஏழாவது வாரம் அவருடைய தலைமுடி கொத்தாக உதிர்ந்திருந்தது. பத்தாவது வாரம் கட்டிலுக்கு நடந்து வர ஹமீதா கை பிடிக்க வேண்டியிருந்தது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தார். மனு நிலுவையில் இருக்கிற ஊழியரை விடுவிக்க விதியில்லை. ஒரு மனு முடிகிற அன்றைக்கு அடுத்த மனு மேஜையில் இருக்கும்.

ஒரு நாள் காலையில் அவர் மாவுக்கடைக்கே வந்துவிட்டார். மாவு வாங்க நாலு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, தாயே, என்னால முடியலம்மா. சோத்துல கை வச்சா அந்தப் புள்ள குரல் கேக்குது. செருப்பால அடிங்க. வெட்டிக்கூடப் போட்டுடுங்க. மனு மட்டும் போடாதீங்க."

தமயந்தி மாவை அள்ளி, நிறுத்து, பையைக் கட்டி, வாடிக்கைக்காரியிடம் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"வெட்டினா ஒரு தடவைதான் சாவீங்க" என்றாள். "வழியை விடுங்க, ஆளுங்க நிக்கிறாங்க."

அதற்கப்புறம் சிலர் வேறு கடையில் மாவு வாங்க ஆரம்பித்தார்கள். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று தெரியும். ஆனால் அந்த நெருப்புக்குப் பக்கத்தில் நிற்க யாருக்குத்தான் பயம் இருக்காது?

அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தலைக்குக் குளித்து, நல்ல புடவையாக எடுத்துக் கட்டி, பூ வைத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குக் கிளம்புகிற மாதிரி. எல்லாம் அந்தப் பதினோரு நொடிக்காக. பிள்ளை தெருவோரத்தில் வந்து நிற்பதிலிருந்து தண்ணீருக்குள் போகிறவரை சரியாகப் பதினோரு நொடி. ரிப்பன், நீலப் பை, கரகரத்த குரல், விழுந்த பல். வீட்டில் இருக்கிற போட்டோவில் பூர்ணி வாயை மூடிக்கொண்டிருப்பாள். இங்கேதான் சிரிப்பாள், பேசுவாள், நடப்பாள். அவன் கண்ணாலாவது பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. பழி வாங்கத்தான் போகிறேன் என்று வெளியே சொல்லிக்கொண்டாள். உள்ளே மகளைப் பார்க்கப் போனாள். இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

பத்தொன்பதாவது தடவை டீக்கடையின் பெயர்ப்பலகையில் எழுத்து இல்லை. இருபத்தொன்றாவது தடவை ரிப்பனுக்கு நிறம் போய்விட்டது.

"என்ன பண்ணி வச்சிருக்கே என் பொண்ணை?" என்று ஹமீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. தேயுது. முதல் நாளே சொன்னேன். ஒரு கடுதாசியை மடிச்சு மடிச்சுப் பிரிச்சா மடிப்புல கிழியும்ல? அந்த மாதிரிதான். போதும்க்கா, நிறுத்திக்கங்க. அவருக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும்..."

"யாருகிட்ட கதை விடற? பதிவேட்டைக் காணோம்னு சொன்ன ஆபீஸ்தானே இது? உங்க ஆளைக் காப்பாத்த உள்ள ஏதோ கோல்மால் பண்றீங்க. எனக்குத் தெரியாதா?"

"அல்லா மேல ஆணையாச் சொல்றேன்க்கா."

"உங்க ஆபீஸ்ல எல்லாருமே சாமி மேல சத்தியம் பண்ணித்தான் சொல்வாங்க."

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த அலுவலகம் அவளிடம் ஒரு தடவைகூட உண்மை பேசியதில்லை. அங்கிருந்து முதல்முதலாக ஒரு உண்மை வந்தபோது, அதுவும் பொய்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். வெள்ளாற்றூரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவு கட்டியிருப்பார்கள்.

அவர்கள் முழுக்க அழிப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்று மனுவின் தலையில் எழுதினால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் காட்டியாக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. எந்த உயிர், இருக்கிற உயிரா போன உயிரா என்று அதில் எழுதவில்லை. தமயந்தி அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டாள். வாரத்துக்கு மூன்று மனு. கடையைச் சாத்திவிட்டு அலுவலகத்திலேயே கிடந்தாள். சம்மனசு ஒரு நாள் வழி மறித்து, "தங்கச்சி, தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிறே. அந்தப் பொண்ணு ஹமீதா சொல்றது நிஜம்தான்னு தோணுது" என்றார். அவர் எந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்துபோனது. அவரோடு பேசுவதை நிறுத்தினாள்.

இருபத்தாறாவது தடவை பூர்ணி சிரித்தபோது வாய்க்குள் பல்லே இல்லை, வெறும் வெள்ளை. இருபத்தெட்டாவது தடவை குரல் வந்தது, சொல் வரவில்லை. முப்பதாவது தடவை தெருவோரத்தில் ஒரு உயரம் மட்டும் வந்து நின்றது. ஒன்பது வயசுப் பிள்ளையின் உயரம். அவ்வளவுதான்.

முப்பத்தொன்றாவது தடவை தெருவும் இல்லை. தூறலும் இல்லை. நாக்கில் மட்டும் மிளகாய் சுரீர் என்றது.

கட்டிலில் படுத்திருந்த தணிகாசலம் எழுந்து உட்கார்ந்தார். வேர்வை இல்லை, அழுகை இல்லை. நல்லாத் தூங்கி எழுந்தவர்போலச் சோம்பல் முறித்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் இருப்பதைப் பார்த்துப் புடவை, பூ எல்லாவற்றையும் மரியாதையாக நோட்டம் விட்டார்.

"வாங்கம்மா" என்றார் சிரித்தபடி. "எந்த வார்டு நீங்க? தண்ணிப் பிரச்சினையா?"

ஹமீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தமயந்தி அடுத்த மனுவைப் போட்டாள். பதில் முப்பது நாளெல்லாம் எடுக்கவில்லை, இரண்டாம் நாளே வந்தது. "கோரப்பட்ட பதிவு இவ்வலுவலகத்தில் இல்லை. முன்னர் தங்களால் ஒப்பமிடப்பட்ட அறிவிப்பின்படி, அசல் பதிவு தேய்ந்ததற்கும், பார்வையிடுபவரின் நினைவில் அப்பதிவில் காணப்பட்ட நபர் குறித்த பகுதி சேர்ந்து தேய்ந்திருப்பின் அதற்கும் அலுவலகம் பொறுப்பாகாது." இந்த முறையும் பச்சை மைதான். அவள் அந்த வரியை மூன்று தடவை வாசித்தாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த போட்டோவுக்கு முன்னால் போய் ரொம்ப நேரம் நின்றாள்.

தணிகாசலம் போட்டிருந்த மேல்முறையீடு அந்த மாதமே விசாரணைக்கு வந்தது. அசல் பதிவைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அசல் இல்லை. தண்டனை ரத்தானது. மனிதர் தெளிவாக இருக்கிறார், ஜனங்களிடம் பொறுமையாகப் பேசுகிறார் என்று அவரை அலுவலக வாசலில் இருக்கும் உதவி மையத்தில் உட்கார வைத்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற வேலை. முடி திரும்ப வளர்ந்துவிட்டது. முகத்தில் ஒரு களை.

ஒரு செவ்வாய்க்கிழமை தமயந்தி அங்கே வந்து நின்றாள். பூ இல்லை. புடவை ஏதோ ஒன்று. நடந்து வந்தவளுக்கு எதற்கு வந்தோம் என்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

"உக்காருங்கம்மா. மொதல்ல தண்ணி குடிங்க" என்று தணிகாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டார். உண்மையான கரிசனம் அது. "என்ன விஷயமா வந்தீங்க?"

"என் பொண்ணு" என்றாள்.

"காணோமா? அடடா." புதிய படிவத்தை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். "பதறாதீங்க. பதிவு எங்க இருந்தாலும் தேடிக் குடுத்துடலாம். அதுக்குத்தானே நாங்க இருக்கோம். பேரு?"

"பூர்ணிமா."

"வயசு?"

"ஒம்பது."

"அங்க அடையாளம் சொல்லுங்க. எப்படி இருப்பா?"

தமயந்தி வாயைத் திறந்தாள். ரிப்பன் என்று ஒன்று இருந்தது. அது எந்தப் பக்கம், என்ன நிறம்? குரல் ஒன்று இருந்தது. பல் ஏதோ சம்பந்தப்பட்டது. நாக்கின் நுனியில் மட்டும் எரிச்சல் இருந்தது, அது எதனால் என்று தெரியவில்லை.

"பரவால்ல, போட்டோ வச்சிருக்கீங்களா?"

அவள் பர்ஸைப் பிரித்து ஒரு சின்னப் போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். தணிகாசலம் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை, ஒரு அந்நியப் பிள்ளையைப் பார்க்கிற வாத்சல்யம்தான் இருந்தது.

"லட்சணமான புள்ள" என்றார். "இதுதானேம்மா உங்க பொண்ணு?"

தமயந்தி எட்டிப் பார்த்தாள். அவரும் அவளும் ஒரே மாதிரிதான் அந்தப் போட்டோவைப் பார்த்தார்கள்.

"அப்படித்தான் சொல்றாங்க" என்றாள்.